கோர்ஸுக்குப் பணம் கட்டுவதற்கு முன்: மெடிக்கல் கோடிங்கில் இருப்பவரிடம் விவரம் கேட்பது எப்படி?

பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி, பயோடெக், பி.ஃபார்ம்., நர்சிங், பிசியோதெரபி. இதில் ஏதோ ஒன்றை முடித்துவிட்டு வீட்டில் இருப்பவர்களிடம் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்லியிருப்பார்: "மெடிக்கல் கோடிங் போ, நல்ல ஸ்கோப்." எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். நோயாளியின் மருத்துவக் குறிப்பைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய கோடு எண்களைப் போடுகிற வேலை அது; அமெரிக்க மருத்துவமனைகள் காப்பீட்டுப் பணம் கேட்க அந்த எண்கள் வேண்டும். அங்கே ஒரு நாளில் என்ன வேலை, கைக்கு எவ்வளவு வரும் என்று திருப்பிக் கேட்டால் சொன்னவருக்கே தெரியாது. பயிற்சி நிலையத்தில் கேட்டால் ரசீதுப் புத்தகத்தை எடுத்துவிடுகிறார்கள். அந்த வேலையில் இருப்பவர்களைத் தேடிப்பிடித்துக் கேட்ட பிறகுதான் எனக்கு விஷயம் தெளிந்தது. அதை எப்படிக் கேட்பது என்று சொல்லித்தர ஆளில்லாமல் நிறைய தடுமாறினேன். இப்போது நானும் கோடராக இருக்கிறேன். என்னிடம் கேட்டு வருகிறவர்களும் அதே இடங்களில்தான் தடுமாறுகிறார்கள்.

வேலை கேட்காமல், வேலையைப் பற்றி மட்டும் கேட்கிற அரைமணி நேரப் பேச்சு. அவ்வளவுதான் இது. செலவு ஒரு டீ, காபி, பஸ் டிக்கெட்டோடு முடிந்துவிடும். காலம்தான் பிடிக்கும்: ஆளைத் தேடுவதில் தொடங்கி நாலைந்து பேரிடம் பேசி முடிக்க ஒரு மாதம் ஒதுக்குங்கள். பயிற்சி நிலையம் "இந்த பேட்ச் வெள்ளிக்கிழமை க்ளோஸ்" என்று அவசரப்படுத்தினால் கவலை வேண்டாம். அடுத்த பேட்ச் திங்கட்கிழமை தொடங்கும்.

1. எதை முடிவுசெய்யப் போகிறீர்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள்

"எல்லாம் தெரிஞ்சுக்கணும்" என்று போனால் ஒன்றும் தெரியாமல் வருவீர்கள். ஒரே வரி போதும். "கோர்ஸில் சேருவதா, நேரே ஃப்ரெஷர் வாக்-இன் போவதா?" "சென்னைக்குப் போவதா, திருச்சியிலோ கோவையிலோ பார்ப்பதா?" "சி.பி.சி. தேர்வை இப்போதே எழுதுவதா, வேலையில் சேர்ந்த பிறகா?" (சி.பி.சி. என்பது கோடர்களுக்கான சான்றிதழ்த் தேர்வு.) இந்த ஒரு வரியிலிருந்துதான் யாரிடம் பேசுவது, என்ன கேட்பது இரண்டும் வரும்.

2. சரியான ஆளைத் தேர்ந்தெடுங்கள்

பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான். மேலே இருப்பவரைப் பிடித்தால் நல்லது என்று நினைத்து மேனேஜருக்கும் எச்.ஆருக்கும் எழுதுகிறார்கள். மேனேஜர் ஃப்ரெஷராக இருந்து பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருக்கும், எச்.ஆர். ஆள் எடுக்கிற பேச்சுதான் பேசுவார். உங்களுக்கு வேண்டியவர்கள் இவர்கள்:

ஒன்று முதல் மூன்று வருட அனுபவம் உள்ள கோடர்கள், இரண்டு பேராவது. அவர்கள் வெவ்வேறு ஸ்பெஷாலிட்டியில் இருக்க வேண்டும். ரேடியாலஜி பார்ப்பவரின் நாளும் சர்ஜரி பார்ப்பவரின் நாளும் ஒன்று போல இருக்காது. ஈ.டி. (அவசர சிகிச்சைப் பிரிவு), இ.எம். (மருத்துவர் நோயாளியைப் பார்த்து மதிப்பிடுவது), எச்.சி.சி. (காப்பீட்டுக்கான நோய் அபாயக் கணிப்பு), ஐ.பி.-டி.ஆர்.ஜி. (உள்நோயாளி) என்று ஒவ்வொன்றுக்கும் டார்கெட் (ஒரு நாளில் முடிக்க வேண்டிய அளவு) வேறு, அழுத்தம் வேறு, அடுத்த நிறுவனத்துக்கு மாறும்போது கிடைக்கிற மதிப்பும் வேறு.

க்யூ.ஏ.வாகவோ (கோடர்களின் வேலையைச் சரிபார்ப்பவர்) ட்ரெய்னராகவோ இருப்பவர் ஒருவர். புதிதாக வருகிறவர்கள் எங்கே இடறுகிறார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும்.

அப்புறம், இந்த வேலையை விட்டுப் போன ஒருவர். இவரைத் தேடிப் பிடிப்பதுதான் கஷ்டம். ஆனால் இவரை விட்டுவிடாதீர்கள். உள்ளே இருப்பவர் தயங்கிச் சொல்வதை இவர் பட்டென்று சொல்லிவிடுவார். இவருடைய கசப்பைக் கொஞ்சம் கழித்துத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும், அது வேறு விஷயம்.

எங்கே தேடுவது? முதலில் உங்கள் துறையின் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழு. அடுத்து லிங்க்ட்இன்: உங்கள் கல்லூரியின் பக்கத்தைத் திறந்தால் முன்னாள் மாணவர்களுக்கென்று ஒரு பகுதி இருக்கும், அதில் "மெடிக்கல் கோடர்" என்று ஆங்கிலத்தில் தட்டித் தேடுங்கள். உயிரியல் துறைகள் உள்ள தமிழ்நாட்டுக் கல்லூரி என்றால் பெரும்பாலும் யாராவது இருப்பார்கள். மூன்றாவது, சொந்தபந்தம். சித்தப்பா பையனோடு ரூமில் இருப்பவர் கோடராக இருந்தால் அதுவும் நல்ல வழிதான்.

பயிற்சி நிலையமே "எங்க ஸ்டூடண்ட், ப்ளேஸ் ஆயிட்டார், பேசிப் பாருங்க" என்று ஒரு நம்பர் கொடுக்கும். பேசுங்கள். ஆனால் அந்த நாலைந்து பேர் கணக்கில் அவரைச் சேர்க்காதீர்கள். ஆள் சேர்த்துவிட்டால் கமிஷன் தருகிற நிலையங்களும் உண்டு.

3. பேசும் முன் கையில் இருக்க வேண்டியவை

லிங்க்ட்இன் கணக்கு, முகம் தெரிகிற படத்தோடு. கல்லூரி, பாடம், முடித்த ஆண்டு இருந்தால் போதும். வாட்ஸ்அப்பில் உங்கள் பெயர் உங்கள் பெயராகவே இருக்கட்டும். "கிங் மேக்கர்" என்ற பெயரிலிருந்து வருகிற செய்திக்கு யாரும் பதில் போட மாட்டார்கள்.

ஒரு பக்க ரெஸ்யூமே பி.டி.எஃப். ஆக. இது அவராகக் கேட்டால் அனுப்புவதற்கு மட்டும். முதல் செய்தியோடு இணைத்தால் "இவனும் வேலை கேட்கத்தான் வந்திருக்கான்" என்று ஆகிவிடும்.

பேனா, நோட்டு.

கொஞ்சம் அடிப்படை. இதற்கு ஒரு வாரம் மாலை நேரம் போதும். நோய்க்கு ஐ.சி.டி.-10-சி.எம்., மருத்துவர் செய்த சிகிச்சைக்கும் பரிசோதனைக்கும் சி.பி.டி., மருந்து, உபகரணம் போன்றவற்றுக்கு எச்.சி.பி.சி.எஸ். இந்த மூன்றும் அமெரிக்காவில் மருத்துவமனைகள் காப்பீட்டு நிறுவனங்களிடம் பணம் கேட்பதற்குப் பயன்படுபவை. ஐ.சி.டி. விதிமுறைக் கையேடு அமெரிக்க அரசின் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு ஆண்டும் அக்டோபர் 1 முதல் புதிய பதிப்பு நடைமுறைக்கு வரும் என்பதால் ஆண்டைப் பார்த்து இறக்கிக்கொள்ளுங்கள். சி.பி.டி. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் உரிமை. டெலிகிராமில் சுற்றுகிற திருட்டு பி.டி.எஃப். வேண்டாம்.

முழுவதும் படிக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு நோயை எடுத்துப் பாருங்கள். டைப் 2 சர்க்கரை மட்டும், வேறு சிக்கல் இல்லை என்றால் இ11.9. சர்க்கரையால் சிறுநீரகம் நாள்பட்டுப் பாதித்திருந்தால் இ11.22, அதோடு சிறுநீரக நோய் எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கு என்18 வரிசையிலிருந்து இன்னொரு கோடும் வேண்டும். இதைத் தேடிப் பார்த்த அரைமணி நேரத்தில் உங்களுக்குத் தூக்கம் வந்ததா, அடுத்ததையும் பார்க்கத் தோன்றியதா என்பதும் ஒரு தகவல்தான். எதிரே இருப்பவரிடம் "இ11.22 பார்த்தேன், என்18 எதுக்குக் கூடவே வருதுன்னு புரியலை" என்று கேட்டுப் பாருங்கள். பேச்சின் தரமே மாறிவிடும்.

4. முதல் செய்தி

வெறும் "ஹாய்" போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். வாய்ஸ் நோட்டும் வேண்டாம், கேட்காமல் அழைப்பதும் வேண்டாம். நீங்கள் யார், நம்பர் எப்படிக் கிடைத்தது, என்ன வேண்டும், எவ்வளவு நேரம். இந்த நான்கும் ஒரே செய்தியில் இருக்கட்டும்:

"வணக்கம் மேடம். நான் நம் கல்லூரியில் 2024இல் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி முடித்தேன். துறை சீனியர் ஒருவர் உங்களைக் கேட்டுவிட்டு உங்கள் நம்பரைக் கொடுத்தார். மெடிக்கல் கோடிங் கோர்ஸில் சேரலாமா என்று யோசிக்கிறேன். அதற்கு முன் உங்கள் அன்றாட வேலை எப்படி இருக்கும் என்று 20 நிமிடம் போனில் கேட்கலாமா? ரெஃபரல் கேட்கவில்லை மேடம். சனி, ஞாயிறில் உங்களுக்கு வசதியான நேரம் சொன்னால் நானே அழைக்கிறேன். முடியாவிட்டாலும் பரவாயில்லை."

சீனியரின் பெயரை உங்கள் செய்தியில் போடுங்கள்; அந்தப் பெயர்தான் கதவைத் திறக்கும். லிங்க்ட்இன் இலவசக் கணக்கில் அழைப்போடு குறிப்பு சேர்க்க மாதத்துக்குச் சில தடவைதான் விடுவார்கள், எழுத்து எண்ணிக்கையும் குறைவு. அங்கே இரண்டே வரி: "வணக்கம் சார், நானும் நம் கல்லூரி மைக்ரோதான், 2024 பேட்ச். கோடிங் கோர்ஸ் சேரும் முன் உங்கள் வேலை பற்றி 20 நிமிடம் கேட்கலாமா?"

முதல் செய்தியில் சார், மேடம். நேரில் தெரிந்த சீனியர் என்றால் அக்கா, அண்ணா என்று தொடங்கலாம். மற்றவர்கள் "மேடம்லாம் வேணாம், அக்கான்னே கூப்பிடு" என்று சொல்லும்வரை மாற்ற வேண்டாம். "ப்ரோ" எந்தக் கட்டத்திலும் வேண்டாம்.

பதில் உடனே வராது. கோபித்துக்கொள்ளாதீர்கள். நோயாளிகளின் தகவல் பாதுகாப்புக்கான ஹிப்பா என்ற அமெரிக்கச் சட்டத்தின் காரணமாகப் பல நிறுவனங்களில் ஃப்ளோருக்குள் போன் எடுத்துப் போக முடியாது. ஷிஃப்ட் முடியும்வரை அது லாக்கரில் கிடக்கும். வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கும் கெடுபிடி உண்டு. ஞாயிறு காலை பதினொரு மணிக்கு மேல் அனுப்பினால் பார்க்க வாய்ப்பு அதிகம். மாதக் கடைசி வாரத்தைத் தவிருங்கள், டார்கெட் துரத்துகிற நேரம் அது. ஒரு வாரம் பொறுத்து ஒரே ஒரு நினைவூட்டல். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்த ஆள்.

5. போனா, நேரிலா?

போன் போதும். வீடியோ என்றால் கூகுள் மீட்டில் இருவர் பேச நேரக் கட்டுப்பாடு தொல்லை இல்லை. ஜூம் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் துண்டித்துவிடும். நேரில் சந்திக்கலாம் என்று அவரே சொன்னால் அவருக்குப் பக்கமான இடத்தைக் கேளுங்கள். ஓ.எம்.ஆரில் வேலை பார்ப்பவரைத் தாம்பரத்துக்கு வரச் சொல்லாதீர்கள். அலுவலகத்துக்கே வருகிறேன் என்றும் சொல்லாதீர்கள். ரிசப்ஷனைத் தாண்டி விட மாட்டார்கள். ஆள் நடமாட்டம் உள்ள காபிக் கடை, பகல் நேரம். முன்பின் தெரியாதவர் என்றால் யாரைச் சந்திக்கப் போகிறீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். தோழியைக் கூட்டிப் போவதிலும் தப்பில்லை, முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும். பில் உங்களுடையது. அவர் பிடிவாதமாகக் கொடுத்தால் விட்டுவிடுங்கள், கல்லாவில் மல்லுக்கட்ட வேண்டாம்.

6. என்ன கேட்பது

"ஸ்கோப் எப்படி?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்று பதில் வரும். "வேலை கஷ்டமா?" என்றால் "பழகிடும்" என்பார்கள். இரண்டும் ஒன்றுக்கும் உதவாது. கருத்தைக் கேட்காதீர்கள், நடந்ததைக் கேளுங்கள். நேற்று என்ன நடந்தது, போன மாதம் என்ன நடந்தது, சேர்ந்த முதல் மாதம் என்ன நடந்தது. உதாரணத்துக்கு:

"நேத்து லாகின் பண்ணதும் முதல்ல என்ன பாத்தீங்க அக்கா?"

"மெயில்தான். க்யூ.ஏ. எரர் வந்திருக்கான்னு பாப்பேன். நேத்து ரெண்டு வந்துச்சு. ஒண்ணு என் தப்பு, ஒத்துக்கிட்டேன். இன்னொண்ணுக்கு ரிபட்டல் போட்டேன். அது எழுதவே இருபது நிமிஷம் போச்சு."

"அந்த இருபது நிமிஷத்துக்கு டார்கெட்ல கழிப்பாங்களா?"

"அட, அதெல்லாம் எங்க!"

இந்த நாலு வரியில் எவ்வளவு வந்துவிட்டது பாருங்கள். செய்த வேலையை இன்னொருவர் சரிபார்க்கிறார். தப்பென்று சொன்னால் விதியைக் காட்டி மறுக்கலாம். மறுக்கிற நேரம் உங்கள் கணக்கில்தான் போகும். எந்தப் பயிற்சி நிலையத்தின் நோட்டீஸிலும் இது இருக்காது.

நான் கேட்கச் சொல்வது இவற்றை. எல்லாவற்றையும் ஒருவரிடமே கொட்டாதீர்கள், ஆளுக்கு ஏற்றபடி ஏழெட்டு:

உங்க ஸ்பெஷாலிட்டியில ஒரு நாளைக்கு எத்தனை சார்ட்? (சார்ட் என்பது நோயாளியின் மருத்துவக் குறிப்பு.) பயிற்சி முடிஞ்சு முழு டார்கெட் எப்ப வந்துச்சு?

குவாலிட்டி எத்தனை சதவீதம் கேக்குறாங்க? (தப்பில்லாமல் போட்ட கோடுகளின் விகிதம்தான் குவாலிட்டி; 95 என்ற பதில் அடிக்கடி வரும்.) அதுக்குக் கீழ போன மாசம் என்ன நடந்துச்சு?

ஸ்பெஷாலிட்டியை யார் முடிவு பண்ணாங்க? நடுவுல மாத்திக்க முடிஞ்சுதா?

ஷிஃப்ட் என்ன? சனிக்கிழமை வரச் சொல்றது எத்தனை தடவை நடக்குது?

உங்க பேட்ச்ல சேர்ந்தவங்க எத்தனை பேர் இன்னும் இருக்காங்க? போனவங்க எங்க போனாங்க? (ஒரே ஒரு கேள்விக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைக் கேளுங்கள்.)

உங்க டீம்ல சாஃப்ட்வேரே கோட் போடுறது வந்துடுச்சா? வந்தப்புறம் உங்க வேலை எப்படி மாறுச்சு? (ரேடியாலஜி, ஈ.டி. ஆட்களிடம் கட்டாயம் கேளுங்கள். ஒரே மாதிரி சார்ட் நிறைய வருகிற இடங்களில்தான் இது முதலில் நுழைகிறது.)

சி.பி.சி. இல்லாம சேர்ந்தீங்களா? நிறுவனம் தேர்வுச் செலவைத் திருப்பிக் கொடுத்துச்சா?

சி.பி.சி. பற்றிக் கேட்கும்போது கணக்கு உங்கள் மனதில் இருக்கட்டும். ஏ.ஏ.பி.சி. என்ற அமெரிக்கக் கோடர்கள் அமைப்பு நடத்துகிற தேர்வு அது: 100 கேள்வி, 4 மணி நேரம், 70 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. தேர்வுக் கட்டணம் உண்டு. உறுப்பினர் கட்டணம் தனி, அந்தந்த ஆண்டின் மூன்று கோடு புத்தகங்கள் தனி. கோர்ஸ் கட்டணத்தில் இதெல்லாம் சேர்த்தியா என்பதை நிலையத்திடம் எழுத்தில் வாங்குங்கள். "சர்டிஃபிகேஷனும் உண்டு" என்று நோட்டீஸில் போட்டிருப்பது பல நேரம் நிலையமே அச்சடித்துத் தருகிற தாள்தான். அனுபவம் இல்லாமல் தேர்ச்சி பெற்றால் சி.பி.சி.-ஏ ('ஏ' என்றால் அப்ரெண்டிஸ்) என்றுதான் வரும். கடைசியில் இருக்கிற அந்த 'ஏ' போக வேலை அனுபவம் காட்ட வேண்டும். இதனால் நிறுவனங்கள் ஃப்ரெஷருக்கு எவ்வளவு கூடுதல் மதிப்புக் கொடுக்கின்றன என்பது நீங்கள் பேசுகிற ஆளுக்குத் தெரிந்திருக்கும்.

7. சம்பளத்தை எப்படிக் கேட்பது

"உங்க சம்பளம் எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். "இப்ப ஃப்ரெஷரா சேர்றவங்களுக்குப் பிடித்தம் எல்லாம் போக மாசம் கைக்கு எவ்வளவு வருது?" இப்படிக் கேட்டால் பெரும்பாலோர் தயங்காமல் சொல்வார்கள். சி.டி.சி.யை (நிறுவனம் ஒருவருக்காகச் செலவிடுகிற மொத்தத் தொகை) சொன்னால் மறுபடியும் கைக்கு வருவதையே கேளுங்கள். சி.டி.சி.யில் நிறுவனம் கட்டுகிற பி.எஃப். பங்கும் சேர்ந்திருக்கும், உங்கள் பங்காக அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் தனியாகப் போகும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதம். கேப் வசதிக்குப் பிடித்தம் உண்டா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு அந்த ஊரில் ஹாஸ்டலோ பி.ஜி.யோ எவ்வளவு, சாப்பாடு எவ்வளவு என்று கேட்டு அங்கேயே கழித்துப் பாருங்கள். சென்னையில் கூடுதலாகக் கிடைப்பது திருச்சியில் சொந்த வீட்டில் இருந்து வேலைக்குப் போவதைவிடக் கையில் குறைவாக நிற்பதும் உண்டு.

கூடவே மூன்று விஷயம்: பயிற்சிக் காலத்தில் சம்பளம் உண்டா, பாண்ட் உண்டா, அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்கிறார்களா. கடைசிக் கேள்விக்கு "ஆமா" என்று பதில் வந்தால் அந்த நிறுவனத்தின் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு கோடு போடுங்கள்.

8. இவற்றைக் கேட்காதீர்கள்

"ஒரு சார்ட் ஸ்க்ரீன்ஷாட் அனுப்புங்களேன், எப்படி இருக்கும்னு பாக்கறேன்." இதற்கு அவர் வேலையே போய்விடும். எந்த மருத்துவமனைக்கு வேலை செய்கிறார்கள் என்பதும் அப்படித்தான். வாக்-இன் டெஸ்ட்டில் என்னென்ன கேள்வி வரும் என்று கேட்டால் பேச்சு அதோடு உறைந்துவிடும். எந்தெந்தப் பகுதி படிக்க வேண்டும் என்று கேட்பதில் தப்பில்லை. பேச்சைப் பதிவு செய்யாதீர்கள்.

ரெஃபரல் கேட்கவில்லை என்று எழுதிவிட்டுக் கடைசி நிமிடத்தில் கேட்பது மோசம். அவராக "ரெஸ்யூமே அனுப்பு, போட்டுவிடறேன்" என்றால் தாராளமாக அனுப்புங்கள். பல நிறுவனங்களில் ஆள் சேர்த்தால் ஊழியருக்கு ரெஃபரல் போனஸ் உண்டு, அதனால் அவருக்கும் லாபம்தான். அதே காரணத்தால், தன் நிறுவனத்தைப் பற்றி அவர் சொல்கிற நல்ல வார்த்தைகளைக் கொஞ்சம் தள்ளுபடி செய்து கேளுங்கள்.

9. பேச்சு நடக்கும்போது

சொன்ன நேரத்துக்கு அழையுங்கள். இருபதாவது நிமிடத்தில் நீங்களே சொல்லுங்கள்: "இருபது நிமிஷம் ஆயிடுச்சு மேடம், இன்னும் பேசலாமா?" பெரும்பாலோர் பேசுங்கள் என்பார்கள். அந்தக் கேள்விக்குப் பிறகு வருவதுதான் பல நேரம் அசல் பேச்சு. உங்கள் மார்க், குடும்பச் சூழ்நிலை, லோன் என்று நீட்டி முழக்காதீர்கள்.

முடிக்கும்போது: "இதே மாதிரி பேசறதுக்கு வேற யாரையாவது சொல்ல முடியுமா? வேற ஸ்பெஷாலிட்டியில இருக்கறவங்க, இல்ல வேலையை விட்டவங்க." அவர் முதலில் அந்த ஆளிடம் கேட்டுவிட்டு நம்பர் தரட்டும்.

10. பேசிய பிறகு

அன்று இரவே எழுதிவிடுங்கள். தேதி, ஸ்பெஷாலிட்டி, எத்தனை வருட அனுபவம், டார்கெட், கைக்கு வருவது, அவர் தயங்கிய இடம். தயங்கியது முக்கியம். மூன்று பேரும் ஒரே கேள்விக்குத் தயங்கினால் விஷயம் அங்கேதான் இருக்கிறது. மறுநாள் நன்றிச் செய்தி: இரண்டு வரி, அவர் சொன்னதில் உங்களுக்குப் பயன்பட்ட ஒன்றைக் குறிப்பிட்டு. பூங்கொத்துப் படம் வேண்டாம். சேருவதா வேண்டாமா என்று முடிவெடுத்த பிறகு அதையும் ஒரு வரி தெரிவியுங்கள்.

நாலாவது ஆளிடமும் புதிதாக ஒன்றும் வரவில்லையென்றால் நிறுத்திக்கொள்ளலாம். இரண்டு பேர் நேர்மாறாகச் சொன்னால் யார் பொய் என்று குழம்பாதீர்கள். ஸ்பெஷாலிட்டியும் ஷிஃப்ட்டும் ஒன்றுதானா என்று நோட்டைப் பாருங்கள். வித்தியாசம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

11. பணம் கேட்டால்

இப்படி நாலு பேருக்குச் செய்தி அனுப்பும்போது நீங்கள் வேலை தேடுகிறீர்கள் என்பதும் நாலு பேருக்குத் தெரிந்துவிடும். "உள்ள ஆள் இருக்கு, இவ்வளவு கொடுத்தா ஆஃபர் லெட்டர் வந்துடும்" என்று ஒரு அழைப்பு வரலாம். செக்யூரிட்டி டெபாசிட், லேப்டாப் கட்டணம், சான்றிதழ் சரிபார்ப்புக் கட்டணம் என்று பெயர்கள் மாறும். வேலை கொடுக்கிற நிறுவனம் உங்களிடம் பணம் வாங்காது. ஜிமெயில் முகவரியிலிருந்து ஆஃபர் லெட்டர் வந்தால் அந்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் உள்ள எண்ணில் அழைத்து விசாரியுங்கள். கடிதத்தில் உள்ள எண்ணில் வேண்டாம். நீங்கள் பேசிய கோடர்களில் ஒருவரிடம் காட்டினாலும் லெட்டர் அசலா என்று பெரும்பாலும் சொல்லிவிடுவார். பணம் போய்விட்டதென்றால் வெட்கப்பட்டு இரண்டு நாள் வீட்டில் மறைத்து வைக்காதீர்கள். உடனே 1930க்கு அழைத்து சைபர் குற்றப் புகார் கொடுங்கள். பரிவர்த்தனை எண், தேதி, நேரம், பேசிய எண், ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் கையில் இருக்கட்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அந்த அளவுக்குப் பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்த வாய்ப்பு அதிகம்.